வெள்ளத்திலும் வறட்சியிலும் குடிநீர்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். வாழ்வைக் குலைப்பதும், குலைந்தோரைத் தாங்கி நிறுத்துவதும் மழையே என்பது அவ்வதிகாரம் உணர்த்தும் உண்மைகளுள் ஒன்று. அவ்விரு முகங்களையும் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்டது சென்னை மாநகரம்.

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டது. எங்கும் நீர்; ஆயின் குடிப்பதற்கு நீரில்லை. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ முற்றும் வறண்டன. அவ்வாண்டு சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. ஒருமுறைக்கு 25 இலட்சம் லிட்டர்! குடத்துடன் நின்ற பெண்களின் வரிசை அதனாலும் குறையவில்லை.

இவற்றைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது. வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். பெய்யாதபோது நிலம் விரைந்து காயும்.

இதற்கு விடை யாது? மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் அமைந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மழையை எதிர்பார்ப்பதில்லை. அவை வேண்டியவையே. எனினும் அவற்றுக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவை. ஒரே வழியை நம்பிய நகரம் அவ்வழி அடைபட்டால் தவிக்கும்.

கழிவுநீரையும் மறத்தலாகாது. மின்சாரம் நின்றால் கழிவுநீரேற்று நிலையமும் நிற்கும், வெள்ளத்தில் கலந்த மலநீர் கிணற்றில் இறங்கும், நோய் பரவும். ஆகவே அந்நிலையங்களை வெள்ளம் எட்டாத உயரத்தில், மாற்று மின்வசதியோடு அமைத்தல் வேண்டும். வறட்சியிலும் நாள்தோறும் கிடைப்பது கழிவுநீர். அதனைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் பணி கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கியது. அவ்வளவு நன்னீர் மக்களுக்கு மிஞ்சும் அன்றோ?

அரசின் கடமை இதுவெனில், நம் கடமை எது? 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. என் வீட்டிலும் குழாய் பதித்தேன். பல ஆண்டுகள் கழித்துத் தொட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளே மண்ணும் சருகுமே நிரம்பியிருந்தன. மழைநீர் தெருவுக்குப் போயிருக்கிறது! அமைத்ததோடு கடமை முடிந்ததென எண்ணியது என் பிழை. நம்மில் பலர் பிழையும் அதுவே.

மாணவச் செல்வங்களே! வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் உங்கள் வீட்டுத் தொட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பெரியோர்களே! நம் கல்லூரியின் தொட்டியை நாம் திறந்து பார்ப்போம்.