பேச இயலாதவருக்காக யார் பேசுவது?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து நோயாளி தனியாக வருவதில்லை. மனைவி, மக்கள், மைத்துனர், படகில் உடன்செல்பவர்கள், சில வேளைகளில் ஊர்ப் பெரியவர்களும் வருகிறார்கள். இந்த உறவுச் செறிவு பெரும் பலம். ஆனால் நோயாளி நினைவிழந்து, செயற்கைச் சுவாசம் தொடரலாமா என்ற நிலை வரும்போது, உரத்துப் பேசுபவரின் சொல்லையோ பணம் கட்டுபவரின் சொல்லையோ மருத்துவர் ஏற்பது கடமை தவறுவதே என்பது என் கருத்து.

"நிலத்துக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. நமக்குத் தேவைப்படும் அதே நேரத்தில்!

இதற்கென்றே மருத்துவ முன்விருப்ப ஆவணம் உள்ளது. 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அதற்கு ஏற்பளித்தது. 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது. முன்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும். இப்போது இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றும் போதும். தமக்காகப் பேசவேண்டியவர்களின் பெயர்களை அதில் குறிப்பிட வேண்டும்.

நோயாளி தெளிவாகப் பேசும்வரை அவரையே கேட்கவேண்டும். ஆவணத்துக்கு அப்போது வேலையில்லை. பேச இயலாதபோது, மருத்துவர் ஆவணத்தின் உண்மையைச் சரிபார்த்து, பெயர் குறிக்கப்பட்டவரிடம் நோயின் நிலையை மறைக்காமல் விளக்கவேண்டும். அவரும் தம் விருப்பத்தை அன்றி, நோயாளியின் விருப்பத்தையே சொல்லவேண்டும். உயிர்காக்கும் கருவியை நிறுத்துவது தனியொரு மருத்துவரின் முடிவும் அன்று. மூன்று மருத்துவர் கொண்ட முதல்நிலைக் குழுவும், பின்னர் இரண்டாம்நிலைக் குழுவும் ஆராயவேண்டும்; ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள். கருவி நின்றாலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்குமான மருத்துவம் நிற்கக்கூடாது.

ஓர் அச்சத்தையும் இங்கே நீக்கவேண்டும். மீளும் வாய்ப்பற்ற நோய்க்கே இந்த ஆவணம் பொருந்தும். நீரில் மூழ்கி மீட்கப்பட்டவருக்கோ பாம்பு கடித்தவருக்கோ, அவர் மீளக்கூடிய நிலையில் இருக்கும்போது, இதைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பது பெருந்தவறு.

ஏரியில் இன்று யாருடைய பாடு என்பது வலை இறங்குமுன்பே தெரிந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மட்டும் ஏன் அந்தத் தெளிவு இல்லை? பெரும்பாலும் மருத்துவர்களாகிய நாங்கள் தாமதமாகக் கேட்பதே காரணம். சிறுநீரகம், இதயம், நுரையீரல் நோய்களுக்காகத் தொடர்ந்து வருபவர்களிடம் புறநோயாளிப் பிரிவிலேயே இதைக் கேட்கலாம். அப்போது, தந்தையின் மனத்தை நன்கறிந்தும் கூட்டத்தில் கடைசியாக நிற்கும் மகளின் பெயரும் வரக்கூடும்.

அடுத்த முறை வரும்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள். கோப்பில் குறித்துக்கொண்டு, ஆவணம் எழுதும் முறையையும் விளக்குகிறோம். பின்னர் மனம் மாறினால், எழுதியதை எழுத்து மூலமாகவே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.