சுருக்கெழுத்தாளரின் கல்லறை

செப்டம்பர் வந்தால் சிகாகோவும் வந்துவிடும். பள்ளிகளில் பேச்சுப்போட்டி, தலைப்பாகை கட்டிய பிள்ளைகள், சுவரொட்டிகள். 1893 செப்டம்பர் 11 அன்று அங்கே சர்வசமய மாநாட்டில் விவேகானந்தர் பேசியது சில நிமிடங்கள்தான். அதன்பின் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1894இல் நியூயார்க்கில் வேதாந்த சங்கத்தைத் தொடங்கினார். குறிப்பு வைத்துக்கொண்டு பேசுகிறவர் அல்ல. ஆகவே பேசியதில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று.

1895 கடைசியில் நியூயார்க் அன்பர்கள் ஒரு சுருக்கெழுத்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். பெயர் ஜே. ஜே. குட்வின், இங்கிலாந்துக்காரர், வயது 25. அவருக்கு முன்பு வந்தவரால் சுவாமியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குட்வின் கொஞ்ச நாளிலேயே சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். பேச்சு முடிந்ததும் உட்கார்ந்து சுருக்கெழுத்தை விரித்தெழுதி, டைப் அடித்து, அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பேச்சுக்கு ஓடவேண்டும். நாம் படிக்கும் 'கர்ம யோகம்' அப்படி வந்தது. மறு ஆண்டு லண்டனில் பேசியவையும் அவர் கைவழியாகவே 'ஞான யோக'மாயின.

'ராஜ யோக'த்தின் கதை வேறு. அதில் பதஞ்சலி சூத்திரங்களுக்கான உரையைச் சுவாமி சொல்லச் சொல்ல எழுதியவர் புரூக்ளினைச் சேர்ந்த எல்லன் வால்டோ. ஒரு சூத்திரத்தைச் சொல்லிவிட்டுச் சுவாமி தியானத்தில் ஆழ்ந்துவிடுவார். எப்போது வாய் திறப்பார் என்று தெரியாது. அதனால் பேனா காய்ந்துவிடாமல் மையில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டு அந்த அம்மாள் காத்திருப்பார். மேற்கில் இன்று பாய் விரித்து யோகம் பயில்கிறவர்களுக்கு அந்த மைக்கூட்டைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தப் பக்கம் சென்னையில், சுவாமியை அமெரிக்கா அனுப்ப வீடு வீடாகக் கையேந்திய அளசிங்கப் பெருமாள் 1895இல் 'பிரம்மவாதின்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். பள்ளி ஆசிரியர், குடும்பஸ்தர். அடுத்த ஆண்டு 'பிரபுத்த பாரத' வந்தது. அதன் ஆசிரியர் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய நம் பி. ஆர். ராஜமய்யர். 1898 மே மாதம் 26 வயதில் ராஜமய்யர் இறந்தார்; இதழ் நின்றது. ஆகஸ்டில் அல்மோராவிலிருந்து மறுபடி வெளிவந்தது. ஆசிரியரோடு சேர்ந்து இதழும் நின்றுபோவதைப் பற்றிச் சிற்றிதழ்க்காரர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் மூன்றே மாதத்தில் மீண்டெழுந்தது என்பதைப் படிக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

மேற்கை வென்றோம் என்று மார்தட்டும் பேச்சு எங்களுக்கு உவப்பானதல்ல. ராமகிருஷ்ண மடத்துத் துறவிகள் அங்கே நடத்தியவை பெரும்பாலும் சின்னச் சின்ன சங்கங்கள். எட்டியது நூல்களால். சான்பிரான்சிஸ்கோவில் கோயில் கட்டிய திரிகுணாதீதர் அதற்கு முன்பு 'உத்போதன்' வங்க இதழின் ஆசிரியர். நியூயார்க்கில் நிகிலானந்தர் 1942இல் ராமகிருஷ்ணரின் உரையாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது பிரதியைச் செப்பனிட உதவியவர்களில் ஒருவர், அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த உட்ரோ வில்சனின் மகள் மார்கரெட். ஹாலிவுட்டில் பிரபவானந்தர் நாவலாசிரியர் கிறிஸ்டோபர் இஷர்வுட்டைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துக்கொண்டு கீதையை மொழிபெயர்த்தார். சந்நியாசிகள்தான், ஆனால் புரூஃப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

குட்வின் 1897 ஜனவரியில் சுவாமியோடு கொழும்பில் இறங்கி, பாம்பன், ராமநாதபுரம், சென்னை என்று கூடவே வந்து, வழிநெடுகப் பேசியதையெல்லாம் எழுதிக்கொண்டார். மறு ஆண்டு ஜூன் 2 அன்று ஊட்டியில் காய்ச்சலில் இறந்தார். ராஜமய்யர் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. குட்வினுக்கு வயது 27.

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதன் பக்கத்திலேயே புனித தாமஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் கிடக்கிறார். அடுத்த முறை போகும்போது ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.