பிடிவாதம் போல்ட்டுக்கு இல்லை

சென்னையில இருந்து வர்ற அக்கா பிள்ளைங்க என் ஜீப்பைப் பார்த்ததும், "இந்தப் பழைய இரும்பை இன்னுமா வெச்சிருக்கீங்க மாமா?" என்பார்கள். இரும்பு என்னை ஒருநாளும் ஏமாத்தலை. ஏமாத்தினது அதைத் தொட்ட அவசரக் கைதான்.

போன ஆவணியில பின் புரொப்பல்லர் ஷாப்ட்டின் கிராஸ் தேய்ஞ்சு, கியர் போடும்போதெல்லாம் டக்குனு சத்தம். கீழ டவுன்ல ஒரு பட்டறையில விட்டேன். "போல்ட் பிடிவாதம் பிடிக்குதுண்ணே, கேஸ் வெச்சு வெட்டிருவோம்"னான் பையன். யாருக்குப் பிடிவாதம்? என் வண்டியில எல்லாம் இஞ்ச் அளவு. 9/16 இஞ்ச் தலைன்னா 14.3 மில்லிமீட்டர். அவன் மாட்டுனது வாய் திறந்த 15 நம்பர் ஸ்பானர். தலை மழுங்காம என்ன செய்யும்?

வெட்டிட்டு, கைக்குக் கிடைச்ச போல்ட்டைப் போட்டு அனுப்பிட்டான். மூணாவது மாசம் மலை இறங்கும்போது டிரான்ஸ்பர் கேஸ் பக்கத்து நாலு போல்ட்டும் அறுந்து, ஷாப்ட் ரோட்டுல விழுந்துச்சு. வண்டியில வாழைத்தாரு, அதுக்கு மேல மூணு ஆளு. முன்சக்கர இழுவை போடாததால கியர் பிடிக்கலை. ஹேண்ட்பிரேக் டிரம்மும் அந்த ஷாப்ட் தொடங்குற இடத்துலதான், அதனால அதுவும் வீண். கால் பிரேக் மட்டும்தான் மிச்சம். அது நின்னதால இதை எழுதுறேன்.

துருப்பிடிச்ச போல்ட்டுக்கு வேண்டியது ஒரு ராத்திரி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துரு இளக்குற எண்ணெயை விட்டு ஊற விடணும். காலையில சரியான அளவு ரிங் ஸ்பானரை மாட்டி, முதல்ல இறுக்குற பக்கமே லேசா அசைக்கணும். துரு விட்டதும் கால் சுத்து கழட்டி, திரும்ப உள்ள விட்டு, மறுபடி எண்ணெய். அப்பவும் வரலைன்னா எண்ணெயைத் துடைச்சிட்டு நட்டை மட்டும் சூடு பண்ணலாம். பக்கத்துல ரப்பர் சீல் இருந்தா அதுவும் கூடாது. ஷாப்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும். ஏன்னு மேலே படிச்சீங்களே.

கழட்டுறதை விடப் பெரிய வேலை மாட்டுறது. கழட்டும்போதே பெயின்ட்டால அடையாளம் போட்டு, அதே இடத்துல சேர்க்கணும். ரெண்டு முனையின் கவையும் ஒரே நேர்ல நிக்கலைன்னா வண்டி உதறும். இஞ்ச் போல்ட்டோட தலையில மூணு கோடு இருந்தா பலமானது, ஆறு கோடு அதைவிடப் பலம். கோடே இல்லாதது கேட்டுக்கு ஆகும், ஷாப்ட்டுக்கு ஆகாது. லாக் நட்டு புதுசு போடணும். குறுக்கும் மறுக்குமா மாத்தி மாத்தி இறுக்கணும். ஒரு நடை போயிட்டு வந்து மறுபடி இறுக்கிப் பார்க்கணும்.

பட்டறைப் பையனை மட்டும் திட்டி என்ன புண்ணியம்? ஊற வெச்ச நேரத்துக்கு எவன் கூலி குடுக்கிறான்? "இன்னும் முடியலையா"ன்னு அவன் கழுத்துல நின்னது நானும்தான். பட்டணத்துல பெரிய வண்டி வெச்சிருக்கிற நீங்களும் அப்படித்தான் நிக்கிறீங்க. அடுத்த தடவை, சீக்கிரம் முடின்னு சொல்றதுக்குப் பதிலா, "கழட்டின பழைய போல்ட்டைக் காட்டுப்பா, புதுசையும் காட்டு"ன்னு கேளுங்க. நாளைக்கு வண்டி குடுத்தாலும் பரவாயில்லைன்னு சொல்லுங்க. அந்த ஒரு நாளைக்கும் சேர்த்துக் கூலி குடுங்க.