கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல

போன மே மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட், வாங்கி நான்கு வருஷம். அறை நன்றாகவே குளிர்ந்திருந்தது. வீட்டுக்காரருக்குக் குறை கரன்ட் பில்லில்தான். பழைய சர்வீஸ் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். மூன்று கோடைக்கு மூன்று ரசீது. மூன்றிலும் 'கேஸ் டாப்-அப்' என்ற ஒரே வரி. எத்தனை கிராம் ஏற்றினார்கள், எங்கே கசிந்தது என்று ஒன்றிலும் இல்லை. இன்டோருக்குப் பின்னால் ஃப்ளேர் நட்டில் சோப்பு நுரை வைத்த கொஞ்ச நேரத்தில் குமிழி கிளம்பியது.

ஏசி கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். நம் தொழிலில் முதல் வாரம் சொல்லித் தரும் பாடம் இது. ஆனாலும் 'வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும் சார்' என்று வாடிக்கையாளரை நம்ப வைத்திருப்பவர்கள் நாம்தான்.

பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு மெஷினில் இந்தத் தப்பு சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும், காயிலில் ஐஸ் பிடிக்கும், வீட்டுக்காரர் அன்றைக்கே போன் செய்வார். இன்வர்ட்டர் தன் நோயை மறைத்துக்கொள்ளும். கேஸ் கொஞ்சம் குறைந்தாலும் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டி, அதிக நேரம் ஓடி, 24 டிகிரியைக் கொடுத்துவிடும். நமக்குப் புகார் வராது. இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுக்க வருபவர்தான் நோயைக் கண்டுபிடித்துச் சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படித் திணறும் மெஷின் மணிக்கு 0.3 யூனிட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். இரவு எட்டு மணி நேரம், 60 நாள்: 144 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டில் நின்றிருக்க வேண்டிய வீடு 544-க்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையின்படி அப்போது 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய் வந்தது. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலை போய்விட்டது. 501-வது யூனிட்டிலிருந்து எட்டு ரூபாய் ஆனது. ஆக 544 யூனிட்டுக்கு 2,302 ரூபாய். யூனிட் கூடியது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பில் கூடியது ஒரு மடங்கு. ஒரு ஃப்ளேர் நட்டின் விலை இது.

டாப்-அப் செய்யும் முறையும் கோளாறுதான். ஆர்-22 காலத்தில் கேஜைப் பார்த்து, சக்‌ஷன் பைப்பைக் கையால் தொட்டு ஏற்றிப் பழகிவிட்டோம். இன்வர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்போது கேஜ் காட்டும் எண்ணை வைத்து என்ன முடிவு செய்வது? டெஸ்ட் மோடில் போட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அவுட்டோர் நேம்பிளேட்டில் கேஸின் எடை போட்டிருக்கிறது. கசிவை அடைத்து, இருப்பதை ரெக்கவரி செய்து, நைட்ரஜனில் பிரஷர் நிறுத்திப் பார்த்து, வேக்கம் எடுத்து, தராசில் வைத்து ஏற்றுவதுதான் வேலை. (நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்ரசர் ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.)

வேக்கம் பம்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, அவுட்டோர் கேஸைத் திறந்து காற்றைத் தள்ளிவிடும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே தங்கும் காற்று கண்டென்சரில் பிரஷரை ஏற்றும், ஆம்பியர் ஏறும். ஈரம் ஆயிலைக் கெடுக்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ் வேறு.

நம் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்குப் பத்து கால். கசிவு தேட இரண்டு மணி நேரம், டாப்-அப்புக்கு இருபது நிமிஷம்; தேடியதற்கு யாரும் காசு தருவதில்லை. அதனால்தான் 'லீக் டெஸ்ட்' என்று ரசீதில் தனி வரியாகப் போட்டுத் தனிக் கட்டணம் கேளுங்கள் என்கிறேன். ஐந்நூறோ ஆயிரமோ, காரணம் சொன்னால் கொடுப்பார்கள். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று காயிலைத் தின்கிறது. அங்கெல்லாம் இந்த வேலையை ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். சீசன் நெரிசலும் குறையும்.

ஃபில்டர் கழுவுவது, ஃபேனைச் சுழலவிட்டு 26-ல் வைப்பது எல்லாம் வாடிக்கையாளர் பாடு. அதை அவருக்குத் தினசரிகளே சொல்லிக்கொடுக்கின்றன. ஷாஃப்டுக்குள் அவுட்டோரைச் சொருகியதும், அது தான் விட்ட அனலையே திரும்ப இழுத்துக்கொண்டிருப்பதும் நம் பாடு. அதற்கு வீட்டுக்காரர் பில்லுக்குப் பில் தண்டம் கட்டுகிறார்.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு சர்வீஸ் படிவம் அச்சிட்டிருக்கிறோம். நேம்பிளேட் எடை, ஏற்றிய கிராம், கசிந்த இடம், வேலைக்கு முன்னும் பின்னும் கிளாம்ப் மீட்டர் காட்டிய ஆம்பியர் என்று நான்கே கட்டங்கள். இந்தக் கோடையில் கேஸில் கை வைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அதை நிரப்பி, ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுங்கள். நகல் எடுத்துக்கொள்ள எங்களிடம் அனுமதி கேட்க வேண்டாம்.