பெட்டியில் போனது யார் பணம்?

லஞ்சம் வாங்கியவர் கைது என்று அடிக்கடி செய்தி வருகிறது. கொடுத்தவர் யார்? அது அபூர்வமாகத்தான் வெளியே வரும். இன்று கொடுத்தவர் கதையைப் பார்ப்போம். ஆள் சின்ன ஆள் இல்லை. உலகம் அறிந்த ஜெர்மன் கம்பெனி, சீமென்ஸ்!

முதலில் பெருமையைச் சொல்லிவிடுவோம். 1847-ம் ஆண்டு பெர்லின் நகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் தொடங்கிய பட்டறை அது. வெர்னர் சீமென்ஸ் ராணுவ அதிகாரி. கூட்டாளி ஹால்ஸ்கே கைதேர்ந்த மெக்கானிக். இரண்டு பேரும் தந்திக் கருவி செய்தார்கள். 1870-ல் லண்டனில் இருந்து கல்கத்தா வரை 11 ஆயிரம் கிலோ மீட்டர் தந்தி வழி அமைந்ததில் இந்தக் கம்பெனிக்குப் பெரும் பங்கு. 1879-ல் பெர்லின் பொருட்காட்சியில் மின்சார ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். மூளையால் வளர்ந்த கம்பெனி. இதில் சந்தேகமே இல்லை.

அப்படிப்பட்ட கம்பெனிக்கு 2006 நவம்பர் 15-ந் தேதி விடிந்தது எப்படி தெரியுமா? போலீசார், வரி அதிகாரிகள் என்று 200 பேருக்கு மேல் திரண்டு வந்து மூனிச் நகர ஆபீசுகளில் புகுந்து சோதனை போட்டார்கள்!

தோண்டத் தோண்ட வந்தது பூதம். கம்பெனிக்கு உள்ளேயே பணம் கொடுக்கும் கவுண்ட்டர் இருந்ததாம். காலிப் பெட்டியோடு போனால் 10 லட்சம் யூரோ வரை நிரப்பிக்கொண்டு வரலாமாம். அனுமதி கொடுத்த பெரிய அதிகாரி பேப்பரில் கையெழுத்துப் போடமாட்டார். ஒட்டிக் கிழிக்கிற துண்டுச் சீட்டில் போடுவார். சீட்டைக் கிழித்துவிட்டால் சாட்சி ஏது?

அமெரிக்க அதிகாரிகள் எண்ணிப் பார்த்தார்கள். 2001 முதல் 2007 வரை 4,283 லஞ்சப் பட்டுவாடா. தொகை சுமார் 140 கோடி டாலர். வெனிசுலாவில் மெட்ரோ ரயில், அர்ஜென்டினாவில் அடையாள அட்டை, வங்கதேசத்தில் செல்போன். வங்கதேசத்தில் மட்டும் 53 லட்சம் டாலர்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவுக் கணக்கில் எழுதி வரியில் கழித்துக்கொள்ள 1999 வரை ஜெர்மன் சட்டமே இடம் கொடுத்தது. பிறகு சட்டம் மாறியது. பழக்கம் மாறவில்லை.

2008 டிசம்பரில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. இரண்டு நாட்டிலும் சேர்த்து அபராதம் சுமார் 160 கோடி டாலர். அதற்கு முன்பே ஜூலையில் ஒரு முன்னாள் மேலாளருக்கு மூனிச் கோர்ட்டில் இரண்டு ஆண்டு தண்டனை. அதுவும் நிறுத்திவைப்பு. ஜெயிலுக்குப் போகவில்லை.

நாம் கேட்பது இதுதான். பெட்டியில் போனது யார் பணம்? கம்பெனிக்காரன் சொந்தப் பாக்கெட்டிலே இருந்தா எடுத்துக் கொடுத்தான்? ஒப்பந்தத் தொகையில் ஏற்றித்தானே கொடுப்பான்! கடைசியில் கட்டுவது ரயில் டிக்கெட் எடுக்கிறவனும், டெலிபோன் பில் கட்டுகிறவனும்தான்.

அபராதம் போன இடம் எது? அமெரிக்க கஜானா, ஜெர்மன் கஜானா. டாக்காவில் பில் கட்டினவனுக்கு அந்த 160 கோடியில் பங்கில்லை. கிரீஸ் நாடு தனியாக மல்லுக்கட்டி 2012-ல் 27 கோடி யூரோ மதிப்புக்கு உடன்பாடு செய்துகொண்டது. எல்லா நாட்டுக்கும் அந்தத் தெம்பு உண்டா?

"கொடுக்காவிட்டால் வேலை நடக்காது சார்" என்பார்கள். சுத்தப் பொய். பிடிபட்ட பிறகு புதுத் தலைமை வந்தது. கணக்கு வழக்கை இறுக்கினார்கள். கம்பெனி மூடிப்போய்விட்டதா? இன்றைக்கும் ரயில் செய்கிறது, தொழிற்சாலைக்கு யந்திரம் செய்கிறது, விற்கிறது. நல்ல சரக்கு இருப்பவனுக்குப் பெட்டி எதற்கு?

இனி இப்படி ஒரு வழக்கு வந்தால் அபராதத்தில் முதல் பங்கு ஏமாந்த ஊருக்குப் போகவேண்டும். ஒப்பந்தத் தொகையை மறுபடி கணக்குப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் கையெழுத்து பேப்பரிலேயே இருக்கவேண்டும். கிழித்துப் போடுகிற சீட்டில் அல்ல!