பேங்க் ஆபீசருக்கு மாயாஜாலக் கதை எதற்கு?

போன மாசம் நாக்பூர் ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருந்தேன். கையில் தலையணை சைஸ் புத்தகம். பக்கத்தில் உட்கார்ந்த நம்மூர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஹாரி பாட்டரா? பொண்ணுக்கா?" என்றார். "இல்ல சார், எனக்குத்தான்" என்றேன். அதற்கப்புறம் ரயில் வரும்வரை மனுஷன் வாயே திறக்கவில்லை.

46 வயசு, பி.காம்., நாள் முழுக்க லோன் பைல் பார்க்கிற ஆசாமி மந்திரவாதிக் கதை படித்தால் நாலு பேர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அதுவும் சாதா மந்திரவாதிக் கதை இல்லை. கோட்டு, பால் நடனம், குதிரை வண்டி, கல்யாணப் பேச்சு என்று ஜேன் ஆஸ்டின் காலத்து இங்கிலாந்தில் நடக்கிற மந்திரக் கதைகள். இது நேரத்தைக் கொல்கிற வேலை இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்ன முன்கதை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்துப்போக, அவர் மகன் பிரதிநிதியாக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான காலம்தான் ரீஜென்சி. ஆஸ்டினின் ஆறு நாவல்களும் 1811-க்கும் 1817-க்கும் நடுவில் அச்சானவை. படிக்காதவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்கும். 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' அவருடைய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யிலிருந்து வந்ததுதான்.

எனக்கு ஆஸ்டின் பிடித்ததற்குக் காரணம் காதல் இல்லைங்க, கணக்கு! டார்சிக்கு வருஷம் 10,000 பவுண்டு வருமானம் என்று அவன் நடன அரங்குக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. எலிசபெத்தைப் பெண் கேட்கிற காலின்ஸ், அவள் பங்குக்கு வரப்போவது 4 சதவீதக் கடன் பத்திரத்தில் 1,000 பவுண்டுதான், அதுவும் அம்மா காலத்துக்கு அப்புறம்தான் என்று அவளிடமே சொல்கிறான். நம்ம ஊர் பெண் பார்க்கும் படலம் தோற்றது போங்கள். ஆஸ்டினின் அண்ணன் ஹென்றி பேங்க் நடத்தியவர். அந்த பேங்க் 1816-ல் முழுகிப்போனது. அந்த அம்மாவுக்குப் பணத்தின் அருமை நன்றாகவே தெரியும்.

இந்த உலகத்தில் மந்திரத்தைக் கலந்தால் என்ன ஆகும்? 1988-லேயே பாட்ரிசியா ரீடும் கரோலின் ஸ்டீவர்மரும் கடிதங்களாகவே எழுதிய 'சோர்சரி அண்ட் செசீலியா' வந்துவிட்டது. 2006-ல் நவோமி நோவிக் நெப்போலியன் போரில் டிராகன்களைப் பறக்கவிட்டார். மலேசியாவில் பிறந்த ஜென் சோ 2015-ல் எழுதிய 'சோர்சரர் டு தி கிரவுன்' எனக்கு நெருக்கமானது. அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பின இளைஞன்தான் இங்கிலாந்தின் தலைமை மந்திரவாதி. நாயகி ப்ருனெல்லாவின் தாய்வழி வேர் நம்ம ஸ்ரீரங்கப்பட்டணத்தில்! மைசூரில் வேலை பார்த்த மூன்று வருஷமும் எத்தனையோ தடவை ரயிலில் அந்தக் கோட்டையைக் கடந்திருக்கிறேன். 1799-ல் திப்பு விழுந்த இடம் என்பதற்கு மேல் யோசித்ததில்லை. லண்டன் மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்ற கேள்வியை எனக்குள் போட்டது ஒரு மாயாஜாலக் கதைதான்.

ஆனால் என்னை ஆட்டிப் பார்த்தது சூசன்னா கிளார்க்கின் 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரல்' (2004). 700 பக்கத்துக்கு மேல், அடிக்குறிப்புகளே கிட்டத்தட்ட 200. 2005-ல் ஹ்யூகோ விருது வாங்கியது. முழுக் கதையும் சொல்லமாட்டேன், ஒரே ஒரு ஒப்பந்தம் மட்டும்.

அமைச்சர் ஒருவருக்கு நிச்சயம் செய்த பெண் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோகிறாள். அரசாங்கத்தில் செல்வாக்கு தேடும் மந்திரவாதி நாரல், மாய உலகத்து ஆள் ஒருவனை வரவழைத்து அவளை உயிர்ப்பிக்கச் சொல்கிறார். கூலி, அவள் ஆயுளில் பாதி. 75 வருஷத்தில் பாதி அவனுக்கு. கடைசிப் பாதியைத்தான் எடுத்துக்கொள்வான் என்று நாரல் நினைக்கிறார். அவனோ ஒவ்வொரு ராத்திரியும் அவளைத் தன் மாளிகைக்கு இழுத்துப்போய் விடிய விடிய ஆடவிடுகிறான். பகலில் அவள் நடைபிணம். என்ன ஆச்சு என்று சொல்ல வாயைத் திறந்தால் சம்பந்தமில்லாத ஏதோ கதைதான் வருகிறது. புருஷனுக்கும் புரியவில்லை, டாக்டருக்கும் புரியவில்லை.

பேங்க்காரனாக எனக்கு முதலில் தோன்றியது, "ஷரத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுட்டாரே!" என்பதுதான். பாதி என்றால் எந்தப் பாதி என்று கேட்கவேண்டாமா? ஏதோ ஜோக் மாதிரி தங்கமணியிடம் சொன்னேன். சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டவள், "அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

அடுப்பங்கரை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

தங்கமணி திருச்சியில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கு ஒவ்வொரு புரமோஷன் வந்தபோதும் ஊர் மாறினோம். திருச்சி, மைசூர், போபால், இப்போது நாக்பூர். "இன்னும் மூணே வருஷம்தான்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவள் வேலை முதல் மாற்றலோடு போனது. ஊரில் அவளுக்கு இருந்த பேச்சுத்துணையும் போனது. சாயங்காலம் நான் வந்ததும் அவள் பால்காரன், பக்கத்து வீட்டு நாய் என்று ஏதேதோ சொல்வாள், நான் தலையாட்டிக்கொண்டே டிவி பார்ப்பேன். அவள் சொல்ல வந்தது வேறு ஏதாவதாக இருந்திருக்குமோ?

நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த மாதிரிக் கதைகள் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். மரியாதையும் சம்பிரதாயமும் வாயைக் கட்டிப்போடுகிற வீட்டில் நடப்பதை நேராகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. எனக்கும் உறைக்கவில்லை. மந்திரம் என்று சொன்னபோதுதான் உறைத்தது.

அடுத்த மாற்றல் பட்டியல் வருவதற்குள் விருப்ப மனு ஒன்று கொடுக்கவேண்டும். இந்தத் தடவை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். அதற்கு முன்னால் புத்தகத்தை முடிக்கவேண்டும். இப்போது அது அவள் தலைமாட்டில் இருக்கிறது. 300-ஆம் பக்கம் தாண்டிவிட்டாளாம், கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.