இழுவைமடியை நிறுத்துங்கள்

சிட்னியின் வென்ட்வேர்த்வில் கடைகளில் உறைந்த மீன் வாங்கும் யாழ்ப்பாணத்தார் பலருக்கு ஊர்க்கடலின் கவலை இன்னும் தீரவில்லை. தமிழக இழுவைப்படகுகள் பாக்கு நீரிணையின் அடித்தரையையே வாரிச் செல்கின்றன. மீன்குஞ்சும் தப்புவதில்லை, கடற்புல்லும் தப்புவதில்லை. வடபகுதி மீனவரின் வலைகளும் அறுபடுகின்றன.

இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடைசெய்தது. காவல்தான் போதவில்லை.

நவுரு ஒப்பந்தத்தின் எட்டு பசிபிக் நாடுகளைப் பாருங்கள். தனித்தனியே பேரம் பேசாமல் ஒன்றுகூடி, சூரை பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நாள்கணக்கில் உரிமம் விற்கின்றன. நாள்களுக்கு உச்சவரம்பும் உண்டு. அந்த ஒற்றுமைதான் டெல்லிக்கும் கொழும்புக்கும் இன்று தேவை.

எல்லை தாண்டும் மீனவரின் கைதும் விடுதலையும் மீனைப் பெருக்காது. இந்தியா 2017-இல் அறிவித்த ஆழ்கடல் படகு மானியத்தைத் தாராளமாக்கி, ராமேஸ்வரத்து இழுவைப்படகுகளை அரசே விலைகொடுத்து வாங்கி உடைக்கட்டும்.